இனிஷியலுக்குள் ஒரு வீணை: மதுரை சண்முகவடிவு

கர்நாடக இசையில் பெண் மும்மூர்த்திகள் என்று மூன்று பேரைச் சொல்வது வழக்கம். எம்.எஸ்.சுப்புலட்சுமி, டி.கே.பட்டம்மாள், எம்.எல்.வசந்தகுமாரி. இவர்களின் இனிஷியலை மட்டும் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். பட்டம்மாளின் ‘டி.கே.’ என்பது தாமல் கிருஷ்ணசாமி. ஊர்ப் பெயர், அப்பா பெயர். நம் எல்லோருக்கும் பழக்கமான முறை. மற்ற இரண்டு பேருக்கும் அப்பா பெயர் இல்லை. எம்.எல்.வி.யின் ‘எல்’ அவருடைய அம்மா லலிதாங்கி. எம்.எஸ்.ஸின் ‘எஸ்’ அவருடைய அம்மா சண்முகவடிவு. அந்த ‘எம்’ நம்ம மதுரை.

மதுரையில் பிறந்து வளர்ந்த நானே பள்ளிக்கூட நாட்களில் அந்த ‘எஸ்’ சுப்புலட்சுமியின் ‘எஸ்’ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவர் அம்மா பெயர் என்று சொன்னவர் எனக்கு வீணை சொல்லிக்கொடுத்த டீச்சர். “எம்.எஸ். அம்மாவோட அம்மா வீணைக்காரங்க, தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்று தலையாட்டினேன். அன்றிலிருந்து அந்தப் பெயர் மனதை விட்டுப் போகவில்லை. சண்முகவடிவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ‘எம்.எஸ்.ஸின் தாயார்’ என்று தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். அவர் தன்னளவில் ஒரு கலைஞர், ஓர் ஆசிரியர். அந்த இரண்டையும் புரிந்துகொள்ள அவர் வாழ்ந்த வீட்டையும், வாசித்த வாத்தியத்தையும், அந்தக் காலத்து மதுரையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சண்முகவடிவு பிறந்தது 1889-ல். அவருடைய அம்மா அக்கம்மாள் வயலின் வாசித்தவர். ஆக அம்மா வயலின், மகள் வீணை, பேத்தி வாய்ப்பாட்டு என்று மூன்று தலைமுறையாகப் பெண் வழியில் வந்த சங்கீதம். சண்முகவடிவுக்கு மூன்று பிள்ளைகள். மகன் சக்திவேல் மிருதங்கம் கற்றார். சுப்புலட்சுமி 1916 செப்டம்பர் 16-ல் பிறந்தார். வீட்டில் அவரைக் குஞ்சம்மா என்று கூப்பிடுவார்கள். வடிவாம்பாள் அம்மாவைப் போலவே வீணையைக் கையில் எடுத்தார். இளம் வயதிலேயே இறந்துபோனார். இவர்களுடைய வீடு மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், அனுமந்தராயன் கோவில் தெருவில் இருந்தது. தெரு என்று பெயரே தவிர, அது ஒரு சந்துதான்.

அப்பா பெயர் எங்கே போனது என்று கேட்கலாம். சுப்புலட்சுமியின் தந்தை என்று சுப்பிரமணிய ஐயர் என்ற வழக்கறிஞரைச் சொல்வார்கள். ஆனால் சண்முகவடிவின் குடும்பம் தேவதாசி மரபில் வந்தது. அந்த வீடுகளில் தலைமை மூத்த பெண்ணுக்கு. பிள்ளைகள் அம்மாவின் பெயரைத்தான் போட்டுக்கொள்வார்கள். பெண் குழந்தைகளுக்குப் பாட்டு, வீணை, நாட்டியம். ஆண் குழந்தைகளுக்கு மிருதங்கம், நாகசுரம், நாட்டியத்தை நடத்தும் நட்டுவாங்கம். பெண்ணுக்குச் சொத்துரிமை என்பதே பெரும்பாலான வீடுகளில் இல்லாத காலத்தில், இந்த வீடுகளில் பெண்கள் சம்பாதித்தார்கள், சொத்து வைத்திருந்தார்கள், படித்தார்கள், பாட்டுகளைக் காப்பாற்றி அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள். அதே வீடுகளின் மேல்தான் ஊர் கண் வைத்துப் பேசியது. கல்யாணம் என்ற அங்கீகாரம் இல்லை. ஒரு புரவலரின் தயவில் வாழ்க்கை ஓட வேண்டும். இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் சண்முகவடிவின் வாழ்க்கை விளங்கும்.

அவர் இளமையில் இருந்தபோதே இந்த மரபின் மீது எதிர்ப்பு வலுத்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் தாசி நாட்டியத்துக்கு எதிராக இயக்கம் தொடங்கியது. 1920களின் பின்பாதியில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்டமன்ற மேலவையில் இதைச் சட்டப் பிரச்சினையாக்கினார். 1929-ல் வந்த திருத்தம் கோயில் சேவைக்கும் மானிய நிலத்துக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்தது. 1947-ல் பொட்டுக்கட்டுவதே, அதாவது ஒரு பெண்ணைக் கோயிலுக்கு அர்ப்பணிப்பதே, சட்டப்படி குற்றமானது. அதே மரபிலிருந்து வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அந்த வழக்கத்தை ஒழிக்க ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பெங்களூர் நாகரத்தினம்மாள் எதிர்ப்பக்கம் நின்றார். எங்கள் கலையையும் மானத்தையும் சேர்த்து அழிக்காதீர்கள் என்பது அவர் தரப்பு. திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தன் சொந்தப் பணத்தில் கோயில் கட்டியவரும் அவர்தான்.

அந்தச் சட்டம் வந்தே தீர வேண்டியிருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விவரம் தெரியாத வயதில் ஒரு பெண் குழந்தையின் வாழ்க்கையை இன்னொருவர் தீர்மானிக்கும் வழக்கம் போக வேண்டியதுதான். ஆனால் அந்த வீடுகளில் இருந்த கலைக்கு வேறு எந்த மேடை என்று யாரும் யோசிக்கவில்லை. அது ஒவ்வொரு குடும்பமும் தானாகத் தேட வேண்டியதாயிற்று. சண்முகவடிவு போன ஒரே வழி கச்சேரி. வீணையை எடுத்துக்கொண்டு சபைக்குப் போவது, பிள்ளைகளைக் கச்சேரிக்குத் தயார் செய்வது. ஒருவகையில் அவருடைய முழு வாழ்க்கையும் இந்த ஒரு தேடல்தான்.

இழுத்து வாசிக்கும் வாத்தியம்

வீணையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் ஆனது. ஒரு பக்கம் குடம், நடுவில் தண்டி, மறு முனையில் யாளி முகம். தண்டியின் மேல் கரி கலந்த மெழுகு. அந்த மெழுகில் பதிந்திருப்பவை 24 மெட்டுகள். ஒரு ஸ்தாயிக்கு, அதாவது ‘ஸ’விலிருந்து மேல் ‘ஸ’ வரைக்கு, 12 வீதம் இரண்டு ஸ்தாயி. மெட்டுகளைச் சுருதிக்குச் சரியாக மெழுகில் பொருத்துவதற்கு ‘மேளம் கட்டுவது’ என்று பெயர். வெயில் காலத்தில் மெழுகு இளகி மெட்டு கொஞ்சம் நகர்ந்தால் போச்சு, சுருதி விலகிவிடும். தந்திகள் ஏழு. வாசிக்க நான்கு: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். பக்கவாட்டில் மூன்று, தாளத்துக்கு. வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேலிருந்து கீழே மீட்டும். அதே நேரத்தில் சுண்டுவிரல் தாளத் தந்தியைக் கீழிருந்து மேலே தட்டும்.

இடது கையில்தான் விஷயமே இருக்கிறது. மெட்டின் மேல் தந்தியை அழுத்தினால் ஒரு ஸ்வரம் வரும். அது வெறும் ஸ்வரம். அழுத்திய இடத்திலேயே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஸ்வரம் மேலே ஏறும். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு. அந்த இழுப்பில்தான் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவும் வளைவும், பிறக்கிறது. எங்கே நிற்க வேண்டும் என்று மெட்டு சொல்லாது. காதுதான் சொல்ல வேண்டும். அதனால் நல்ல வீணைக்காரர் என்றால் முதலில் நல்ல காதுக்காரர்.

என் டீச்சரின் இடது கையில் இரண்டு விரல் நுனியிலும் கறுப்பாக ஒரு கோடு பதிந்திருக்கும். பல வருஷம் தந்தி பதிந்த தடம். பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் இருக்கும். விரல் வழுக்கிப் போவதற்காக அவ்வப்போது தொட்டுக்கொள்வார். என்னை வர்ணம் என்ற பயிற்சி உருப்படியை வாசிக்கச் சொல்லிவிட்டு அவர் அடுக்களையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பார். நான் தப்பு செய்தால் உள்ளேயிருந்து குரல் வரும். “காந்தாரம் எட்டலை. இன்னும் இழு.” நான் இழுப்பேன். “ஜாஸ்தி. வா, கீழே வா.” கத்தி நறுக்குகிற சத்தம் நிற்காது. ஆனால் அவர் காது முழுக்க என் விரலில் இருந்தது.

வீட்டில் வைத்துச் சங்கீதம் சொல்லிக்கொடுப்பது என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அங்கேதான். சண்முகவடிவு வீட்டில் சுப்புலட்சுமி எப்படி வளர்ந்திருப்பார் என்று யோசிக்கும்போது அந்த அடுக்களைக் குரல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. பாட நேரம் என்று தனியாக ஒன்று இருந்திருக்காது. அம்மா சாதகம், அதாவது பயிற்சி, செய்வது பாடம். பாட்டி வயலினுக்குச் சுருதி சேர்ப்பது பாடம். வந்து போகிற வித்வான்கள் கூடத்தில் உட்கார்ந்து ஒரு ராகத்தைப் பற்றிப் பேசுவதும் பாடம். இதைத்தான் கேள்வி ஞானம் என்கிறோம்.

வெளியிலிருந்து வந்த சங்கீதமும் குறைவில்லை. மதுரை அப்போது நாகசுரத்தின் ஊர். பொன்னுசாமி பிள்ளை பெரிய பெயர். பின்னாளில் புகழ்பெற்ற சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் அவருடைய பேரன்கள். வாய்ப்பாட்டில் புஷ்பவனம் ஐயர் இருந்தார். அவருடைய சகோதரர் மகன்தான் 1912-ல் பிறந்த மதுரை மணி ஐயர். 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் பாலர் நாடக சபை தொடங்கினார். நாடகம் என்றால் அப்போது பாதிக்கு மேல் பாட்டுதான். ஆக, கோயிலில் ஒரு சங்கீதம், கச்சேரியில் ஒன்று, நாடகக் கொட்டகையில் ஒன்று என்று ஊர் முழுக்கப் பாட்டாக இருந்த காலம்.

எம்.எஸ். பிற்காலத்தில் தன் சிறுவயதைப் பற்றிச் சொன்னவற்றில் ஒன்று என்னை எப்போதும் நெகிழ வைக்கும். சுவாமி ஊர்வலம் வரும்போது, அவர்கள் சந்து பெரிய வீதியோடு சேரும் முனையில் நாகசுரக்காரர்கள் நின்றுவிடுவார்களாம். உள்ளே சண்முகவடிவு கேட்டுக்கொண்டிருப்பார் என்று அவர்களுக்குத் தெரியும். அவருக்காகத் தங்கள் கைவரிசை அத்தனையையும் அங்கே நின்று வாசிப்பார்களாம். எனக்குத் தெரிந்து ஒரு கலைஞருக்கு இதைவிடப் பெரிய பட்டம் இருக்க முடியாது. எந்தச் சபையும் கொடுத்ததல்ல அது. ஊரில் வாசிக்கத் தெரிந்தவர்கள், கேட்கத் தெரிந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தது. அந்தக் காலத்தில் அவருக்கு என்ன இடம் இருந்தது என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும்.

அம்மா வகுப்பு

சண்முகவடிவு கண்டிப்பானவர். சுப்புலட்சுமி பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு வரைதான். அதோடு படிப்பு நின்று, முழு நேரமும் சங்கீதம் என்று ஆகிவிட்டது. அடிப்படையைச் சொல்லிக்கொடுத்தவர் அம்மா. வாய்ப்பாட்டுக்கு என்று மதுரை சீனிவாச ஐயங்காரிடம் முறையாகச் சேர்த்துவிட்டார். அவர் சீக்கிரமே காலமாகிவிட்டதால் அந்தப் பாடம் நீடிக்கவில்லை. ஆக, திரும்பவும் வீடுதான் பள்ளிக்கூடம்.

வீணை வாசிக்கிற ஒரு அம்மா, பாடுகிற ஒரு குழந்தைக்கு என்ன கொடுக்க முடியும்? இங்கேதான் நான் சண்முகவடிவைப் பெரிய ஆசிரியர் என்று சொல்கிறேன். முதலாவது சுருதி. எம்.எஸ்.ஸின் குரலைக் கேட்டவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான். குரலும் தம்புராவும் எங்கே சேர்கின்றன என்று பிரித்துச் சொல்ல முடியாது. வீணை வாசிக்கிற வீட்டில் ஒரு நாள் சுருதி சேர்ப்பதிலிருந்துதான் தொடங்கும். ஏழு தந்தியையும் ஒவ்வொன்றாக முறுக்கி, கேட்டு, தளர்த்தி, மறுபடி கேட்டு. இதைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்கிற குழந்தைக்குச் சுருதி என்பது யாரும் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயமே இல்லை. சுப்புலட்சுமி சிறு வயதில் தம்புராவை மீட்டிக்கொண்டு பாடுவாராம். நடுவில் மீட்டுவதை நிறுத்திவிட்டுத் தனியாகப் பாடிப் பார்ப்பாராம். கொஞ்ச நேரம் கழித்துத் தம்புராவை மறுபடி மீட்டி, தான் விலகாமல் இருக்கிறோமா என்று சரிபார்த்துக்கொள்வாராம். ஒரு சின்னப் பெண் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பரீட்சை இது. அந்தப் பழக்கம் அந்த வீட்டுக் காற்றில் இருந்தது.

இரண்டாவது கமகம். வீணையில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி கண்ணுக்கே தெரியும். விரல் எவ்வளவு தூரம் இழுக்கிறது, எங்கே தளர்கிறது என்று பார்க்கலாம். வாய்ப்பாட்டுக்காரர்களுக்குக் காதால் மட்டும் பிடிக்க வேண்டிய ஒன்று, வீணைக்காரர் வீட்டுக் குழந்தைக்குக் கண்ணாலும் கிடைக்கிறது. சுப்புலட்சுமிக்கு வீணையும் வாசிக்கத் தெரியும். அவர் பாட்டில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு இறங்கும்போது உடையாமல் வழுக்கிக்கொண்டு வருவதைக் கேட்டால், தந்தியை மெதுவாகத் தளர்த்துகிற ஒரு விரல் எனக்குத் தெரிகிறது. இது என் காதின் தீர்ப்பு. வீணை கற்ற யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், ஆமாம் என்பார்கள் என்று நம்புகிறேன்.

மூன்றாவது, மேடை. மகளின் முதல் மேடை நடந்த விதமே இந்த ஆசிரியர் எப்படிப்பட்டவர் என்று காட்டிவிடுகிறது. மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சண்முகவடிவின் வீணைக் கச்சேரி. (1904-ல் பாரதியார் சில மாதம் தமிழாசிரியராக வேலை பார்த்தாரே, அதே பள்ளிதான்.) சுப்புலட்சுமி வீட்டுப் பக்கம் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தார். யாரோ வந்து தூக்கி, கையைத் தட்டிவிட்டு, பாவாடையைச் சரிசெய்து, நேரே பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஐம்பது முதல் நூறு பேர் வரை உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் காலக் கச்சேரிக்கு அதுவே நிறைந்த கூட்டம். அம்மா பாடு என்றார். பிள்ளை ஒரு மராத்திப் பாட்டைப் பாடியது. அப்போது அவர் மனதில் இருந்ததெல்லாம் விட்டுவிட்டு வந்த மண் விளையாட்டுதானாம்.

இதில் அம்மா செய்ததைக் கவனியுங்கள். அரங்கேற்றம் என்று நாள் குறித்து, பட்டுப்பாவாடை உடுத்தி, பயமுறுத்தி மேடை ஏற்றவில்லை. தன் கச்சேரியின் நடுவே, தன் வீணைக்குப் பக்கத்தில், குழந்தைக்குப் பயம் என்ற ஒன்று தெரிவதற்கு முன்பே பாட வைத்துவிட்டார். மேடை என்பது கூடத்தின் நீட்சி, அவ்வளவுதான் என்று அந்தக் குழந்தை மனதில் பதிந்துவிட்டது. பிறகு அம்மா கச்சேரிகளில் பக்கத்தில் உட்கார்ந்து பாடிப் பாடியே வளர்ந்தார்.

ஊசியும் மைக்கும்

அந்த வீட்டில் கிராமபோன் ஒரு பெரிய ஆச்சரியம். சுப்புலட்சுமி காகிதத்தைப் புனல் மாதிரி சுருட்டி வைத்துக்கொண்டு, அதற்குள் மணிக்கணக்காகப் பாடிக்கொண்டிருப்பாராம். அந்த விளையாட்டு சீக்கிரமே நிஜமாகிவிட்டது. பத்து வயதில், 1926 வாக்கில், அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. ‘மரகத வடிவும் செங்கதிர் வேலும்’ என்ற முருகன் பாட்டு. மகளை இசைத்தட்டுக்குப் பாட வைத்து, கூடவே உட்கார்ந்து வீணை வாசித்தவர் சண்முகவடிவு.

இந்த இடத்தில் நின்று யோசித்தால், சண்முகவடிவின் பெயர் ஏன் மங்கியது என்பதற்கான ஒரு காரணம் கிடைக்கிறது. கிராமபோன் கம்பெனிகள் 1902 முதலே இந்தியாவில் பதிவு செய்யத் தொடங்கிவிட்டன. ஆரம்பத்தில் மைக் கிடையாது. ஒரு பெரிய புனலுக்கு முன் நின்று உரக்கப் பாட வேண்டும். அந்தச் சத்தத்தின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். மேல் சுருதியில் கணீரென்று பாடுகிற குரல் அதற்கு வசதி. வீணையோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டிய வாத்தியம். அதன் நாதம் மெல்லியது. ஒரு மீட்டுக்குப் பிறகு அது கரைந்துபோகும் விதத்தில்தான் அதன் அழகே இருக்கிறது. புனலுக்கு அந்தக் கரைதல் எட்டாது. போதாக்குறைக்கு ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம். வீணைக்காரர்களின் பெருமையான தானத்தை (ராகத்தைத் தாளமில்லாமல் லயத்தோடு விரிக்கும் பகுதி) நிதானமாக விரிக்க அது எந்த மூலைக்குப் போதும்?

1920களின் பின்பாதியில் மின் ஒலிப்பதிவு வந்தது, மைக் வந்தது. அதைத் தொடர்ந்து கச்சேரி மேடைக்கும் ஒலிபெருக்கி வந்தது. ஐம்பது பேர் கூடத்தில் உட்கார்ந்து கேட்ட சங்கீதம் ஆயிரம் பேர் மைதானத்துக்குப் போயிற்று. ஆனால் அதனால் முதலில் பயனடைந்தது குரல்தான். உரக்கக் கத்த வேண்டாம், மெல்லப் பாடினாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் என்றதும் ஒரு புதுவிதமான பாட்டுக்கு வழி பிறந்தது. எம்.எஸ். அந்த மைக்கின் முதல் தலைமுறை. சண்முகவடிவு கூடத்தின் கடைசித் தலைமுறை. அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் 27 வருஷ வித்தியாசம். அதற்குள் கேட்கிற முறையே மாறிவிட்டது.

சென்னையில் அதே மரபில் வந்த வீணை தனம்மாள் இருந்தார். ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசிப்பார். பெரிய பெரிய வித்வான்கள் சத்தம் போடாமல் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவார்கள். தனம்மாளின் பெயர் நிலைத்ததற்கு அவருடைய மேதைமை ஒரு காரணம். இன்னொன்று, பட்டணத்தில் அவரைக் கேட்டவர்கள் எழுதுகிறவர்களாகவும் பேசுகிறவர்களாகவும் இருந்தது; அவருடைய பேத்திகள் பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி எல்லோரும் பாட்டியின் பாடாந்தரத்தை, அதாவது பாட்டுகளை அவர் பாடிய முறையை, பெயர் சொல்லிக் காப்பாற்றியது. மதுரைச் சந்தில் வாசித்த சண்முகவடிவைக் கேட்டவர்கள் நாகசுரக்காரர்கள். அவர்கள் வாசித்தார்கள், எழுதிவைக்கவில்லை.

1928-ல் சென்னையில் மியூசிக் அகாடமி உருவானது. சபா, விமர்சனம், டிசம்பர் சீசன் என்று சங்கீதத்தின் தலைநகரம் சென்னை என்று ஆகிவிட்டது. மகளுக்கு வாழ்வு வேண்டுமானால் அங்கே போக வேண்டும் என்று சண்முகவடிவு புரிந்துகொண்டார். 1930களின் தொடக்கத்தில் மகளை அழைத்துக்கொண்டு சென்னைக்குக் குடிபோனார். சொந்த ஊரில் தனக்கு இருந்த மதிப்பையும், சந்து முனையில் நின்று வாசித்த நாகசுரத்தையும் விட்டுவிட்டுத்தான் போனார். அதைப் பற்றி யாரும் பெரிதாக எழுதுவதில்லை. நடுவயதைத் தாண்டிய ஒரு கலைஞர் தன் ஊரை விடுவது லேசான காரியமில்லை.

சென்னையில் மகள் சீக்கிரமே பெயர் எடுத்தார். 1936-ல் தாய் வீட்டை விட்டு வெளியேறினார். 1938-ல் ‘சேவாசதனம்’ படத்தில் நடித்தார். 1940-ல் தியாகராஜன் சதாசிவத்தைத் திருமணம் செய்துகொண்டார். அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் விழுந்த இந்த விரிசலை வைத்துச் சண்முகவடிவைக் கெட்டவராகக் காட்டுகிற எழுத்துகளை நிறையப் படித்திருக்கிறேன். பெற்ற மகளின் வாழ்க்கையைத் தன் பிடியில் வைத்துக்கொள்ளப் பார்த்தார் என்பார்கள். மகள் தன் வாழ்க்கையைத் தானே தேர்ந்தெடுத்தது அவர் உரிமை. அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் அம்மாவின் பக்கமும் ஒன்று உண்டு. அவருக்குத் தெரிந்த உலகத்தில் வீட்டுப் பெண்தான் வீட்டைத் தாங்குவாள். அவர் அம்மா தாங்கினார், அவர் தாங்கினார், மகள் தாங்குவாள் என்று நினைத்தார். அந்த உலகம் அவர் கண் முன்னாலேயே சட்டத்தாலும் நாகரிகத்தாலும் கலைந்துகொண்டிருந்தது. அவருக்குப் புது உலகத்தின் விதிகளை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதன்பின் சுப்புலட்சுமியின் வாழ்க்கை வரலாறு வேறு விதமாக எழுதப்பட்டது. குங்குமம், மல்லிகை, காஞ்சிபுரம் பட்டு, ஒரு குடும்பப் பெண்ணின் பக்தி என்று ஒரு சித்திரம் உருவானது. அந்தச் சித்திரத்துக்குள் மதுரைச் சந்து வீட்டுக்கும், அப்பா பெயர் கேட்காத மரபுக்கும் இடம் சுருங்கியது. பின்னாளில் எம்.எஸ்.ஸுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் என்று செம்மங்குடி சீனிவாச ஐயர் முதலான பெரியவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள். அவர்கள் எல்லோரும் சேர்த்தது உண்மை. ஆனால் அவர்களிடம் போய்ச் சேர்ந்தபோதே அந்தக் குரல் உருவாகியிருந்தது. சுருதி உட்கார்ந்திருந்தது, கமகம் படிந்திருந்தது, மேடைப் பயம் போயிருந்தது. அடித்தளம் போட்டவர் பெயரை ஆசிரியர் பட்டியலில் முதலில் எழுத வேண்டும். ‘தாயார்’ என்ற சொல் அந்த வேலையை மறைத்துவிடுகிறது. ஒரு ஆண் வித்வான் தன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தால் தந்தையும் குருவும் என்று எழுதுகிறோம். அம்மா சொல்லிக்கொடுத்தால் அது வளர்ப்பு என்று கணக்கில் போய்விடுகிறது.

இதே காலத்தில் சங்கீதம் சொல்லிக்கொடுப்பதும் வீட்டை விட்டு வெளியேறியது. சிதம்பரத்தில் இசைக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறை என்று பாடத்திட்டமும் பட்டமும் வந்தன. யார் வேண்டுமானாலும் கற்கலாம் என்று கதவு திறந்தது நல்லதுதான். கூடவே ஒன்று நடந்தது. ஆசிரியர் என்றால் சான்றிதழ் உள்ளவர் என்று ஆனதும், தலைமுறை தலைமுறையாகக் கூடத்தில் உட்கார்ந்து கற்பித்த பெண்கள் ஆசிரியர் என்ற கணக்கிலிருந்தே விழுந்துவிட்டார்கள். என் டீச்சரிடமும் எந்தச் சான்றிதழும் இல்லை. வாசலில் பெயர்ப்பலகைகூட இல்லை.

சண்முகவடிவு 1962-ல் காலமானார். மகளுக்கு 1954-ல் பத்மபூஷண் கிடைத்தது அவர் வாழ்நாளில் நடந்தது. 1966-ல் ஐ.நா. சபையில் எம்.எஸ். பாடியதும், 1968-ல் சங்கீத கலாநிதி விருது பெற்ற முதல் பெண் ஆனதும், 1998-ல் பாரத ரத்னா பெற்றதும் அவருக்குப் பிறகு. இந்த எல்லா மேடையிலும் அறிவிப்பாளர்கள் அவருடைய பெயரைச் சொல்லித்தான் மகளை அழைத்தார்கள். எம்.எஸ். என்றார்கள்; விரித்துச் சொல்லவில்லை.

மாசி வீதியில் சுவாமி வரும்போது நான் கூட்டத்தில் நிற்பதுண்டு. மேளம் ஒவ்வொரு முனையாகக் கடந்து வரும். சில முனைகளில் நாகசுரக்காரர்கள் நின்று, கொஞ்சம் விரிவாக ஒரு ராகத்தை எடுப்பார்கள். அப்போதெல்லாம் என் கண் மேளத்தை விட்டு, பக்கத்தில் பிரியும் சந்தைப் பார்க்கும். உள்ளே எந்த வீட்டில் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ என்று.